ஜோஹோவில் பங்கு கேட்கும் வாடிக்கையாளர்கள்

2025 செப்டம்பர் கடைசி வாரத்தில், ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் ‘அரட்டை’ குறுஞ்செய்திச் செயலியில் நாளொன்றுக்கு 3,000 பேர் புதிதாகச் சேர்ந்துகொண்டிருந்த நிலை மாறி, மூன்றே நாட்களில் அது 3,50,000 ஆகிவிட்டது என்று அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தன் அலுவலக வேலைகளை ஜோஹோவுக்கு மாற்றிக்கொண்டதாக அறிவித்திருந்தார். அக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் ஷாவின் மின்னஞ்சலும் அங்கே போனது. அந்த உற்சாகத்தோடு சேர்ந்தே ஒரு கேள்வியும் கிளம்பியது: ‘பங்கு வெளியீடு எப்போது? நாங்களும் பணம் போடுகிறோம்.’ கேட்டவர்களில் பலர் அந்த நிறுவனத்தின் மென்பொருளைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள். வேம்பு மறுத்துவிட்டார். காலாண்டுக்குக் காலாண்டு லாபம் காட்ட வேண்டிய நெருக்கடியில் இருக்கும் பட்டியலிட்ட நிறுவனமாக இருந்திருந்தால் அரட்டை போன்ற ஒன்றை உருவாக்கியே இருக்க மாட்டோம் என்பது அவர் சொன்ன காரணம். பலருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அந்த மறுப்பு சரியானது. நிறுவனத்தைவிட அதன் வாடிக்கையாளருக்குத்தான் அதனால் அதிக நன்மை என்பது என் கருத்து. எதை நம்பி நாம் பங்கு கேட்கிறோமோ அது, வெளியாருக்குப் பங்கு கொடுக்காததால் விளைந்தது.

இந்த ஆசை, தோல் தொழில் நடக்கும் நம் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அது வெறும் பேராசை இல்லை. ஒரு டேனரியின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், கணக்கு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தோல் வரவு, டிரம்முக்குப் போன எண்ணிக்கை, வெட் புளூ இருப்பு, ஷேவிங்குக்கும் ஸ்பிளிட்டிங்குக்கும் வெளியே அனுப்பிய ஜாப் வொர்க் சலான், திரும்பி வராத தோல், ஏற்றுமதி பில், மாதம் பிறந்தால் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி. முன்பு தடித்த பேரேடுகளில் எழுதிய கணக்கெல்லாம் இன்று ஒரு திரையில் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அது பெங்களூரின் டேலி கணக்கு மென்பொருள். புதிய தலைமுறை தொழில் நடத்தும் இடங்களில் ஜோஹோ புக்ஸும் நுழைந்திருக்கிறது. இரண்டுமே பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத தனியார் நிறுவனங்களின் தயாரிப்பு. தினமும் கைவைத்துப் பார்க்கும் பொருளின் தரம் தெரிந்தவனுக்கு, அதைச் செய்கிறவன் மேல் நம்பிக்கை வருவது இயல்பு. தோலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லும் ஊரில் அந்த நம்பிக்கை இன்னும் இயல்பு.

அதோடு இன்ஃபோசிஸ் கதையும் சேர்ந்துகொள்கிறது. 1993-ல் 95 ரூபாய்க்கு வந்த பங்கை வாங்கி வைத்தவர்கள் கோடீஸ்வரர்கள் ஆன கதையைக் கேட்காத வீடு கிடையாது. அந்த வெளியீட்டை அப்போது மக்கள் முழுமையாக வாங்கக்கூட முன்வரவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. அதே பத்தாண்டில் பொதுமக்களிடம் பணம் திரட்டிவிட்டு முகவரியே இல்லாமல் போன நிறுவனங்களின் பட்டியல் ஒன்றை மத்திய அரசே தயாரிக்க வேண்டியிருந்தது. முதல் கணக்கெடுப்பில் 238 பெயர்கள் இருந்தன. இந்த வட்டாரத்துக்கு என்று மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. வட்டி வாங்கக் கூடாது என்பதை மார்க்கக் கடமையாகக் கொண்ட குடும்பங்கள் இங்கே ஏராளம். வங்கியில் நிரந்தர வைப்பு போட மனம் ஒப்பாதவருக்கு, லாப நஷ்டத்தில் பங்கெடுப்பதே ஏற்புடைய வழி. ஆகவே தெரிந்த, நேர்மையான, தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றில் கூட்டாளியாகச் சேர வேண்டும் என்ற விருப்பம் இங்கே மற்ற ஊர்களைவிட ஆழமானது, மதிக்கத்தக்கதும்கூட.

விருப்பம் மதிக்கத்தக்கது என்பதால் கோரிக்கை சரியாகிவிடாது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, தனியார் நிறுவனம் என்றாலே ஊழியர்களைத் தவிர்த்து உறுப்பினர்கள் 200 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பங்குகளை நினைத்தபடி கைமாற்ற முடியாது. பங்கு வாங்க வாருங்கள் என்று பொதுமக்களை அழைக்கக் கூடாது. ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் தனிப்பட்ட முறையில் பங்கு தர முன்வந்தாலே அது பொது வெளியீடாகக் கருதப்பட்டு, பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் விதிகள் அத்தனையும் வந்து சேரும். பல லட்சம் வாடிக்கையாளர்கள் உள்ள நிறுவனம் அவர்களில் சில ஆயிரம் பேருக்குக்கூடச் சட்டப்படி கதவைத் திறக்க முடியாது. திறப்பதென்றால் முழுமையாகத் திறக்க வேண்டும். இதைத் தோல் தொழிலின் பக்கம் திருப்பிப் பார்த்தால் எளிதில் விளங்கும். மூன்று தலைமுறையாக அண்ணன் தம்பிகளும் மாமன் மச்சான்களும் கூட்டாக நடத்தும் டேனரியிடம், அதனிடம் தோல் வாங்கும் ஜெர்மன் ஷூ கம்பெனி வந்து, ‘உங்கள் சரக்கு நன்றாக இருக்கிறது, தொழிலில் எங்களுக்கும் ஒரு பங்கு தாருங்கள்’ என்றால் எந்தக் குடும்பம் உடனே சம்மதிக்கும்? வாங்குகிறவர் கூட்டாளியானால் விலை பேசுவதில் தொடங்கி, எந்த ஆர்டரை ஏற்பது என்பதுவரை எல்லாம் மாறிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஜோஹோவின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அது தொலைத்தொடர்புக் கருவி தயாரிப்பாளர்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்த சிறு நிறுவனம். டாட்காம் ஏற்றத்தின் உச்சத்தில் வெளி முதலீட்டாளர்கள் பணத்தோடு வந்தார்கள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் நிறுவனத்தை விற்றோ பட்டியலிட்டோ தங்கள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது அத்தகைய முதலீட்டின் வழக்கமான நிபந்தனை. அதை ஏற்காமல் விட்டதாக வேம்பு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டே அந்தச் சந்தை சரிந்தது. வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி காணாமல் போனார்கள். கடன் கொடுத்தவரோ முதலீடு செய்தவரோ கழுத்தைப் பிடிக்காததால்தான் அந்த நிறுவனம் தன் பொறியாளர்களை வேறு வேலைக்குத் திருப்ப முடிந்தது. மேனேஜ்என்ஜின் மென்பொருளும் 2005-ல் தொடங்கிய ஜோஹோ தயாரிப்புகளும் அந்த அவகாசத்தில் பிறந்தவை. அதே 2005-ல், கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளை எடுத்து உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கும் பள்ளியைத் தொடங்கினார்கள். பின்னர் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வந்தது. இந்த மூன்றில் எதுவும் அடுத்த காலாண்டுக் கணக்கில் லாபமாகத் தெரியும் செலவு அல்ல. பட்டியலிட்ட நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ‘கிராமத்தில் அலுவலகம் எதற்கு?’ என்று கேட்கும் முதலீட்டு நிதி மேலாளருக்கு அன்று சொல்ல நல்ல பதில் இருந்திருக்காது. இன்று இருக்கிறது.

பங்கு விற்காததால் ஜோஹோவுக்குப் பணத்தட்டுப்பாடு என்று யாரும் வாதிட முடியாது. 2022-23 நிதியாண்டில் அதன் வருவாய் 8,703 கோடி ரூபாய்; நிகர லாபம் 2,836 கோடி. சிப் தயாரிப்பில் இறங்க 70 கோடி டாலர் திட்டம் ஒன்று போட்டிருந்தார்கள். 2025 மே மாதத்தில் அதைக் கைவிட்டார்கள். காரணம் முதலீடு கிடைக்காதது அல்ல. தொழில்நுட்பப் பாதையில் தங்களுக்கே முழு நம்பிக்கை வராதபோது பொதுமக்களின் வரிப்பணத்தை மானியமாக வாங்க விரும்பவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். எனக்கு இந்த முடிவுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. பங்கு விற்றுப் பணம் திரட்டிய பிறகு இப்படிப் பின்வாங்குவது மிகவும் கடினம். சொன்ன கதையை நம்பிப் பங்கு வாங்கியவர்கள் இருக்கும்போது, கதை பொய்த்துப் போனாலும் தொடர்ந்து சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துவிடும்.

மாறாக, ஜோஹோவில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் வேறு பாதையில் போனது. அந்தப் பாதையும் குறைத்து மதிப்பிடத்தக்கது அல்ல. 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் 36 டாலர் விலையில் பட்டியலானபோது 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்குத் தொழில்நுட்பம் அப்படி அள்ளிக் கொடுத்தது அரிது. ஆனால் 2024 நவம்பரில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 660 பேரை, அதாவது மொத்த ஊழியர்களில் 13 சதவீதம் பேரை, வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்த அதே நேரத்தில், தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்க 40 கோடி டாலர் ஒதுக்குவதாகவும் அந்த நிறுவனம் அறிவித்தது. பங்கு விலை அப்போது வெளியீட்டு விலையின் பாதிக்கும் கீழே இருந்தது. இதை யாருடைய தீய குணமாகவும் நான் பார்க்கவில்லை. பட்டியலிட்ட நிறுவனத்தின் நிர்வாகம் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதோ அவர்களுக்குப் பதில் சொன்னது. அந்த வரிசையில் பங்குதாரர் முதலில் நிற்கிறார். ஊழியரும் வாடிக்கையாளரும் அவருக்குப் பின்னால்தான்.

‘அந்தப் பங்குதாரர் நானாகவே இருந்துவிட்டால்?’ என்பது அடுத்த கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சிறிய ஷூ அப்பர் தைக்கும் யூனிட், மென்பொருளுக்கு வருடச் சந்தா கட்டுகிறது. அதன் உரிமையாளர் 50,000 ரூபாய்க்கு அதே நிறுவனத்தின் பங்கும் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். சந்தா உயர்ந்தால் அந்த உயர்வு முழுவதும் அவர் பையிலிருந்து போகிறது. அதனால் கூடும் லாபமோ கோடிக்கணக்கான பங்குகளுக்குப் பிரிந்து, அவர் கைக்கு வரும்போது சில்லறையாகிவிடும். இதில் லாபம் பார்ப்பவர், மென்பொருளைப் பயன்படுத்தாமல் பங்கை மட்டும் மொத்தமாக வைத்திருக்கும் பெரிய நிதி நிறுவனம். விலையேற்றத்துக்கு அழுத்தம் கொடுப்பதும் அதுவே. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேர் என்ற மென்பொருள் நிறுவனத்தை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டு, சந்தா மட்டுமே வழி என்றானது. உலகம் முழுக்க அந்த மென்பொருளை நம்பியிருந்த நிறுவனங்கள் திகைத்து நின்றபோது பிராட்காம் பங்கு வைத்திருந்தவர்களுக்கு அது நல்ல செய்தி. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கணக்கும் பில்லும் ஓடுகிற அதே நிறுவனத்தில் சேமிப்பையும் போட்டால், அது தடுமாறும் நாளில் தொழிலும் சேமிப்பும் ஒன்றாக மாட்டிக்கொள்ளும்.

வாடிக்கையாளரை முதலீட்டாளராக்கும் முயற்சி இந்தியாவில் பெரிய அளவில் ஒருமுறை நடந்தது. 2022 மே மாதத்தில் எல்ஐசி பங்கு வெளியீட்டில் 10 சதவீதம் பாலிசிதாரர்களுக்கு என்றே ஒதுக்கப்பட்டது. பாலிசியோடு பான் எண்ணை இணைக்கச் சொல்லி மாதக்கணக்கில் விளம்பரம் வந்தது. பங்குச் சந்தைப் பக்கமே போகாதவர்கள் அதற்காக டிமேட் கணக்கு தொடங்கினார்கள். வெளியீட்டு விலை 949 ரூபாய். பாலிசிதாரருக்கு 60 ரூபாய் தள்ளுபடி போக 889. பாலிசிதாரர் ஒதுக்கீட்டுக்கு ஆறு மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தன. மே 17 அன்று மும்பைச் சந்தையில் பங்கு 867 ரூபாய்க்குத் தொடங்கியது. தள்ளுபடி விலைக்கும் கீழே. அடுத்த ஆண்டு மேலும் சரிந்து, 2024 தொடக்கத்தில் ஆயிரத்தைத் தாண்டியது. பொறுத்திருந்தவருக்கு லாபம், பயந்து விற்றவருக்கு நஷ்டம். எல்ஐசி நேர்மையான நிறுவனம், அதன் கணக்கு வெளிப்படையானது, அரசே பெரும்பான்மை உரிமையாளர். அப்படியிருந்தும், ‘நம்ம எல்ஐசி’ என்ற நம்பிக்கை பங்கின் விலை சரியா என்று சொல்லித் தரவில்லை. பாலிசி நல்லதாக இருப்பது ஒரு செய்தி. பங்கு 889 ரூபாய் பெறுமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. முப்பது வருடம் தவறாமல் பிரீமியம் கட்டியவருக்கும் அதற்கு விடை தெரிந்திருக்க நியாயமில்லை.

எல்ஐசி விஷயத்திலாவது விலையை எல்லோரும் பார்க்க முடிந்தது. பட்டியலிடாத நிறுவனங்களின் பங்குகளை இடைத்தரகர்களிடம் வாங்கும் பழக்கம் இப்போது வாட்ஸ்அப் வழியாகச் சிற்றூர்களுக்கும் வந்திருக்கிறது. அங்கே விலையை நிர்ணயிப்பது தரகரின் வார்த்தை. எச்டிபி ஃபைனான்சியல் பங்கு அந்தச் சந்தையில் 1,200 ரூபாயை ஒட்டி விற்றது. 2025 ஜூனில் நிறுவனமே பொது வெளியீட்டுக்கு வந்தபோது கேட்ட விலை அதிகபட்சம் 740. எச்டிஎஃப்சி வங்கியின் துணை நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், கணக்கே சரியாக வெளிவராத நிறுவனத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ் இருக்கிறது. 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு என்று போற்றப்பட்டது. ஆண்டுக் கணக்கை மாதக்கணக்கில் தாமதப்படுத்தியது. 2023 ஜூனில் தணிக்கையாளர் டெலாய்ட் விலகியது. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. உலகின் பெரிய முதலீட்டு நிறுவனங்கள் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் உள்ளே நடந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. அங்கீகாரமற்ற மின்னணுத் தளங்களில் பட்டியலிடாத பங்குகளை வாங்க வேண்டாம் என்று செபி 2016-லும் 2024 டிசம்பரிலும் எச்சரித்தது சும்மா இல்லை.

நம் வட்டாரம் இதில் ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டது. ஹலால் முதலீடு, வட்டியில்லாத லாபப் பங்கு என்று சொல்லி பெங்களூரில் இயங்கிய ஐ மானிட்டரி அட்வைசரி 2019 ஜூனில் கவிழ்ந்தபோது சுமார் 4,000 கோடி ரூபாய் போனது. அதில் பணம் போட்டவர்களில் மிகப் பெரும்பான்மையோர் முஸ்லிம் நடுத்தரக் குடும்பத்தினர். காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட எல்என்எஸ் ஐஎஃப்எஸ் என்ற நிதி நிறுவனம் மாதம் 6 முதல் 10 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி ஏறத்தாழ 6,000 கோடி திரட்டியதாக 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்கு தொடுத்தது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் அந்த வழக்கு தொடாத தெரு குறைவு. நகையை விற்றும் மனையை அடகு வைத்தும் போட்டவர்கள் இருக்கிறார்கள். இந்த நிறுவனங்களை ஜோஹோவோடு ஒப்பிடவே கூடாது. இரண்டையும் ஒரே கட்டுரையில் சொல்வதற்குக் காரணம், நேர்மையான நிறுவனம் ‘பங்கு கிடையாது’ என்று சொல்லும் இடத்தில்தான் நேர்மையற்றவன் ‘எனக்குத் தெரிந்தவர் மூலம் வாங்கித் தருகிறேன்’ என்று வந்து நிற்பான் என்பது. பெயர் எவ்வளவு நல்லதோ அவ்வளவு அது போலிக்கு உதவும். நிறுவனமே பங்கு விற்கவில்லை என்பதை வாடிக்கையாளர்கள் தெளிவாக அறிந்திருந்தால், அந்தப் பேச்சு முதல் வாக்கியத்திலேயே பொய் என்று தெரிந்துவிடும். மறுப்பில் இருக்கும் பெரிய பாதுகாப்பு இது.

எதிர்வாதங்களில் வலுவானது சமத்துவம் பற்றியது. தொழில்நுட்ப நிறுவனங்கள் பட்டியலுக்கு வரும் முன்பே வளர்ச்சியின் பெரும்பகுதியைப் பணக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அத்தகைய நிறுவனங்களில் பணம் போடும் மாற்று முதலீட்டு நிதியில் நுழையவே குறைந்தபட்சம் ஒரு கோடி ரூபாய் வேண்டும். சாதாரண மக்களுக்குக் கடைசியில் கிடைப்பது 2,150 ரூபாய்க்கு விற்கப்பட்டு முதல் நாளே 27 சதவீதம் விழுந்த பேடிஎம் போன்ற பங்கு. இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஜோஹோவுக்கு அது பொருந்தவில்லை. அங்கே கோடீஸ்வர நிதி நிறுவனத்துக்கும் இடமில்லை, ஷூ யூனிட் உரிமையாளருக்கும் இடமில்லை. மற்ற நிறுவனங்களுக்கு, சிறுதொகை முதலீட்டாளர்கள் கூட்டாகப் பணம் போடும் முறையை 2014-ல் செபி ஆலோசனைக்கு வைத்து, பிறகு செயல்படுத்தாமல் விட்டது. பிரிட்டனில் அது உண்டு. மோன்ஸோ என்ற வங்கி 2016-ல் தன் வாடிக்கையாளர்கள் உள்ளிட்டோரிடம் 96 விநாடிகளில் பத்து லட்சம் பவுண்டு திரட்டியது. 2018-ல் சுமார் 36,000 பேர் இரண்டு கோடி பவுண்டு போட்டார்கள். 2020-ல் அதன் மதிப்பு 40 சதவீதம் குறைக்கப்பட்டது. பிறகு மீண்டும் ஏறியது. இடைப்பட்ட வருடங்களில் பங்கை விற்க எளிய சந்தை இல்லை. அங்கே போட்ட தொகை சராசரியாக ஆளுக்கு 550 பவுண்டு அளவு. போனாலும் குடும்பம் கவிழாது. மகள் திருமணத்துக்குச் சேர்த்ததைப் போடும் வழக்கமுள்ள நம் ஊரில், தொகைக்குக் கடுமையான உச்சவரம்பு இல்லாமல் அந்த வழியைத் திறப்பதை என்னால் ஆதரிக்க முடியாது.

அடுத்த எதிர்வாதம் வெளிப்படைத்தன்மை. அரசு அலுவலக மின்னஞ்சலே ஒரு குடும்பத்தின் பெரும்பான்மைப் பங்கில் இயங்கும் நிறுவனத்தின் தளத்தில் இருக்கும்போது, அது பட்டியலிட்டு எல்லாவற்றையும் வெளியிட வேண்டாமா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தனியார் நிறுவனமும் ஆண்டுக் கணக்கைக் கம்பெனி விவகார அமைச்சகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். 100 ரூபாய் கட்டணத்தில் யாரும் அதைப் பார்க்கலாம். ஆனால் கணக்கு தெரிவது மட்டும் போதாது என்பதும் உண்மை. குடும்பம் பிளவுபட்டால், நிறுவனர் காலத்துக்குப் பின் வாரிசுகள் விற்க முடிவெடுத்தால், அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து வேம்பு விலகி சைலேஷ் குமார் டேவி வந்தது அமைதியாக நடந்தது. எப்போதும் அப்படி நடக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இருந்தாலும் இதற்குத் தீர்வு வாடிக்கையாளர் கையில் நூறு பங்கு கொடுப்பது ஆகாது. நூறு பங்குக்காரர் குடும்பச் சண்டையில் என்ன செய்துவிட முடியும்? அரட்டை திடீரென்று பிரபலமானபோது, அழைப்புகளுக்கு இருந்த முழு மறையாக்கம் குறுஞ்செய்திகளுக்கு ஏன் இல்லை என்று பயனாளர்கள் உரக்கக் கேட்டார்கள். அதைக் கொண்டுவருவதாக நிறுவனம் பொதுவில் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டவர்கள் யாரிடமும் ஒரு பங்குகூட இல்லை. வேறு செயலிக்குப் போய்விடுவேன் என்று சொல்லக்கூடிய நிலை மட்டும் இருந்தது.

பயன்படுத்துகிறவரே உரிமையாளராக இருப்பது எங்கே பொருந்தும் என்பதற்கும் இந்த வட்டாரத்திலேயே உதாரணம் உண்டு. பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு வசதி இல்லாதவை இயங்கக் கூடாது என்ற நிலை வந்தது. தனித்தனியாக ஆலை கட்ட முடியாத சிறு டேனரிகள் சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையங்களை நிறுவனங்களாகப் பதிவு செய்து நடத்துகின்றன. வாணியம்பாடியின் வாணிடெக், ராணிப்பேட்டையின் ராணிடெக் எல்லாம் அந்த வகை. பேரணாம்பட்டு டேனரிகளுக்கும் பக்காலப்பள்ளியில் நிலையம் இருக்கிறது. கழிவை அனுப்புகிறவர்களே பங்குதாரர்கள். அவர்கள் யாரும் பங்கு விலை ஏறும் என்று சேரவில்லை; நிலையம் ஓடாவிட்டால் தங்கள் டிரம்மும் ஓடாது என்பதால் சேர்ந்தார்கள். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். எவ்வளவு தண்ணீர் போகிறது, என்ன செலவாகிறது என்று கணக்குக் கேட்கத் தெரிந்தவர்கள். அப்படியும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசுக்காகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சொல்லி மீண்டும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. செலவைக் குறைக்க நினைக்கும் பயனாளரே முதலாளியாக இருந்தால் ஆற்றுக்கரை விவசாயிக்காகப் பேச ஆள் இருக்காது. ஆகவே கூட்டு உரிமையும் சர்வரோக நிவாரணி கிடையாது. ஆனால் அதன் நோக்கம் சேவை. சேமிப்பைப் பெருக்குவது அல்ல. ஜோஹோவிடம் பங்கு கேட்பவர்கள் இந்த இரண்டில் எதைக் கேட்கிறார்கள் என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சேமிப்பைப் பெருக்குவதுதான் நோக்கம் என்றால் அதற்குக் கணக்கு வெளியிடும், நினைத்த நாளில் விற்கக்கூடிய பட்டியலிட்ட பங்குகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வட்டித் தொழிலைத் தவிர்க்கும் ஷரியா குறியீடுகளும் பரஸ்பர நிதிகளும் இந்தியச் சந்தையில் பல ஆண்டுகளாக உள்ளன. மென்பொருள் நாளையும் கைவிடாமல் ஓட வேண்டும் என்பது நோக்கம் என்றால் கேட்க வேண்டியது வேறு. 2019-ல் நாடாளுமன்றத்துக்கு வந்த தரவுப் பாதுகாப்பு மசோதாவில், ஒரு நிறுவனத்திடம் உள்ள நம் தரவை அப்படியே எடுத்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்துக்குப் போகும் உரிமை இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. அந்தச் சட்டமும் தனிமனிதர் தரவுக்குத்தான். ஒரு டேனரியின் பத்து வருடப் பேரேட்டுக்கு அதில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. இதைப் பற்றி யாரும் பெரிதாகக் குரல் எழுப்பவில்லை என்பது எனக்கு வருத்தம். பங்கு வெளியீடு எப்போது என்று கேட்ட அத்தனை பேரும் இதைக் கேட்டிருந்தால் ஒரு திருத்தத்துக்கே வழி பிறந்திருக்கும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தோல் இறக்குமதிக்கும் ரசாயன விலைக்கும் கூட்டாகப் பேசிப் பழகிய உரிமையாளர் சங்கங்கள் பேரணாம்பட்டிலிருந்து ராணிப்பேட்டைவரை உள்ளன. சில நூறு யூனிட்டுகளின் சார்பில் மென்பொருள் நிறுவனத்தோடு அவை ஒரே ஒப்பந்தம் பேசலாம். சந்தா உயர்ந்தால் குறைந்தது ஆறு மாத முன்னறிவிப்பு, நிறுவனம் கைமாறினால் பழைய விலையே இரண்டு ஆண்டுகளுக்கு, வெளியேறும் நாளில் சலான்முதல் ஏற்றுமதி பில்வரை எல்லாப் பதிவுகளும் வேறு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவில், ஜிஎஸ்டி தாக்கல் நாட்களில் சேவை நின்றால் தாமதக் கட்டணத்துக்கு ஈடு. இந்த நான்கையும் ஜோஹோவிடமும் கேட்கலாம், டேலியிடமும் கேட்கலாம்.